அன்றைக்கு எல்லாருக்கும் விரதம்

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: வயிற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். மத நல்லிணக்கத்துக்காக இத்தனை வருசம் உழைத்து நான் சேர்த்த சொத்து என்று பார்த்தால் நெஞ்செரிச்சலும் இடுப்புச் சதையும்தான். பிரியாணி, கிறிஸ்துமஸ் கேக், ஆடிக்கூழ் என்று எல்லா மதத்தையும் சமமாகத் தின்றவள் நான். ரிட்டயர் ஆன அன்று பொன்னாடை போர்த்தினார்கள். அதற்குப் பதில் ஒரு நல்ல வயிற்று டாக்டரைக் காட்டியிருந்தால் கும்பிட்டிருப்பேன்.

நம் வேலை என்னவென்று மதுரையில் யாரிடம் கேட்டாலும் 'சாப்பாட்டு மீட்டிங் நடத்துறவங்க' என்பார்கள். தப்பில்லை. வேறு வேறு சாமி கும்பிடுகிற எட்டுப் பத்துப் பேரை ஒரு வட்டமாகச் சேர்க்கிறோம். மாதம் ஒருவர் வீட்டில் சாப்பாடு. சாப்பிட்டதும் நாம் ஒரு கேள்வி போடுகிறோம், ஒவ்வொருவராகப் பதில் சொல்கிறார்கள். வாதம் கூடாது, குறுக்கே பேசக் கூடாது, யாரையும் யார் பக்கமும் இழுக்கக் கூடாது. இதையெல்லாம் பயிற்சி வகுப்பில் படம் போட்டுச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள், அதனால் நான் அதற்குள் போகவில்லை. படம் போடாத ஒரு விசயத்தைச் சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோறு ஆவி பறக்க வந்த நேரத்தில், என் வட்டத்தில் பாதிப் பேருக்கு மேல் திடீரென்று விரதம் வந்துவிட்டது.

வட்டத்துக்கு ஆள் சேர்க்கும்போது ஆபீசில் சொல்வார்கள்: இந்து இத்தனை, முஸ்லிம் இத்தனை, கிறிஸ்தவர் இத்தனை. சந்தையில் காய்கறி வாங்கிவரச் சொல்கிற மாதிரி. பேனரிலும் மூன்று சின்னம்தான். இந்து என்று எழுதிவிட்டால் எல்லாரும் ஒரே இந்து என்று நினைத்துத்தான் இந்தத் திட்டத்தையே எழுதியிருந்தார்கள். எழுதிய புண்ணியவான் எங்கேயோ ஏசி ரூமில் இருந்தார். மதுரையில் ஒரு டீக்கடை பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் அவருக்குச் சாதி என்று ஒன்று இருப்பது தெரிந்திருக்கும்.

எங்கள் வட்டத்தின் பெரிய மனுசர் சொக்கலிங்கம் சார். திருநகரில் வீடு, பேங்கில் இருந்து ஓய்வு. ஹமீதா வீட்டு விருந்தில் நல்லி எலும்பைத் தட்டில் தட்டித் தட்டி உறிஞ்சியவர். உறிஞ்சி முடித்துக் கையைக் கழுவிவிட்டு எழுந்து நின்று, "சாப்பாட்டுக்கு ஏதுங்க மதம்?" என்று பேசினார் பாருங்கள், நானே கை தட்டினேன். ஹமீதா ஆனையூரில் தையல் கடை வைத்திருப்பவள், என் வயசுக்காரி, வாயும் கத்திரியும் ஒரே வேகத்தில் ஓடும். அடுத்தது ஜெபராஜ் வாத்தியார், எங்கள் சபைக்காரர், ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். ஜெபம் பண்ணச் சொன்னால் சோறு ஆறிப்போகும் வரைக்கும் பண்ணுவார்.

அப்புறம் செல்வி. ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. நரம்பே தெரியாத கையிலும் ஒரே குத்தில் எடுத்துவிடுவாள். சாரும் வாத்தியாரும் அவளிடம்தான் கையை நீட்டுவார்கள், வேறு ஆள் ஊசியோடு வந்தால் "செல்வி இல்லையா?" என்று முகம் சுளிப்பார்கள். அவள் ஊர் மேலூர் ரோட்டில் போய்க் கால்வாய்க் கரையோரமாக உள்ளே திரும்பினால் வரும். அவள் மாமனார் காலத்தில் அந்தத் தெருவில் யாருக்கும் கையகல நிலம் கிடையாது, ஊர்க்காரர்களின் வயலில் கூலிக்கு இறங்கினவர்கள். டீக்கடையில் அவர்களுக்குத் தனி டம்ளர் இருந்த காலம் அது. இப்போது மாமனாருக்கே கொஞ்சம் வயல் இருக்கிறது, புருசன் எலக்ட்ரீசியன், இவளுக்கு லேப். ஆபீஸ் கணக்கில் சாரும் இந்து, செல்வியும் இந்து. அந்தக் கணக்கில்தான் ஓட்டை.

ஒரு வருசமாக எல்லார் வீட்டையும் சுற்றி வந்தோம். செல்வியின் முறை வரும்போதெல்லாம் யாருக்காவது அவள் மேல் பாசம் பொங்கிவிடும். "டூட்டிக்குப் போற பொண்ணு, அதுக்கு எதுக்கு சிரமம்?" என்பார் ஒருவர். "அம்புட்டுத் தூரம் அலையணுமா, வெயில் வேற" என்பார் இன்னொருவர். "நீ வந்து சாப்பிட்டாலே போதும்மா" என்பார் சார். இந்தப் பாசத்தை நன்றாக அடையாளம் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். திட்டுகிறவனைச் சமாளித்துவிடலாம், உங்களுக்கு அதற்குப் பயிற்சி இருக்கிறது. 'உனக்கு ஏம்மா சிரமம்' என்கிறவனிடம் ஒன்றும் செய்ய முடியாது, அவன் நல்லவனாகவே இருந்து தொலைப்பான். யாருடைய முறை தள்ளித் தள்ளிப் போகிறது என்று பாருங்கள். வட்டத்தில் யார் என்ன பேசினார்கள் என்பதைவிட அது முக்கியம்.

ஒருநாள் செல்வி யூனிபாரத்தோடு நேராக ஆபீசுக்கு வந்து நின்றாள்.

"ஸ்டெல்லாக்கா, அடுத்த மாசம் எங்க வீடு."

"ஏய், யோசிச்சியா?"

"ஒரு வருசமா அதத்தான யோசிச்சேன். எல்லார் வீட்லயும் தின்னுட்டு நான் மட்டும் கூப்பிடலைன்னா எனக்கு என்னக்கா பேரு?"

"வந்துட்டுத் திங்காம போனாங்கன்னா?"

"தெரிஞ்சுதான் கூப்பிடுறேன். ரத்தம் எடுக்க என் கை ஆகுது. சோறு போட ஆகுமா ஆகாதான்னு ஒரு தடவ பாத்துருவோம். ஆகாதுன்னா அதோட நான் வட்டத்துல இல்ல. யாரு மேலயும் கோவம் கிடையாது."

கோபம் கிடையாது என்று சொன்னபோது அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் மாமனார் முதலிலேயே சொல்லிவிட்டாராம்: "வண்டியில வருவாங்க, சேர்ல உக்காருவாங்க, திங்க மாட்டாங்க. தெருவே பாக்கும். மறுநா நீதான் தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு வேலைக்குப் போவ." அவர் சொன்னதில் எனக்கும் சந்தேகமே இல்லை. ஆனாலும் சரி என்றேன். விருந்து வைப்பதா வேண்டாமா என்பது அவள் முடிவு. அவளைக் காப்பாற்றுகிறேன் என்று தடுத்திருந்தால் நானும் அந்தப் பாசக்காரக் கூட்டத்தில் ஒரு ஆளாகியிருப்பேன்.

சமையலிலும் அவள் ஓட்டையே வைக்கவில்லை. கறி எடுத்தால் ஹமீதாவுக்கு ஹலால் கேள்வி வரும், முட்டை வைத்தால் வேறு யாருக்காவது வேறு ஏதாவது வரும் என்று சுத்த சைவம். கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு, பருப்பு, அவரைக்காய்ப் பொரியல், ரசம், அப்பளம், சேமியா பாயாசம். யாருக்கும் ஒரு சாக்கும் கிடைக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்திருந்தாள்.

எல்லாரும் மாட்டுத்தாவணியில் கூடி ஒரே வேனில் போனோம். இறக்கிவிட்ட கையோடு டிரைவர் தலையைச் சொறிந்தார். "மேடம், இன்னைக்கு முகூர்த்த நாளு. ஒரு கல்யாண டிரிப் இருக்கு. போயிட்டு ஆறரைக்கு மேல வாரேன், சரியா?" போ என்று அனுப்பிவிட்டேன். அவர் அன்றைக்கு எனக்குச் செய்த உதவி அவருக்கே தெரியாது.

தெருவைக் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தார்கள். பந்தல்காரரிடம் வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் நாற்காலிகள். எதிர்வீட்டு வாசல்களில் பெண்கள் சும்மா நிற்கிற மாதிரி நின்றார்கள். வேப்பமரத்தடியில் கயிற்றுக்கட்டிலில் செல்வியின் மாமனார், வெள்ளைச் சட்டை போட்டு, துண்டை மடித்துத் தோளில் போட்டு. "வாங்க" என்று எல்லாருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டார். பிறகு வீட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துவிட்டார். நடக்கப்போவதைப் பார்க்க அவருக்கு இஷ்டமில்லை.

உள்ளே பாய் விரித்து வாழை இலை போட்டிருந்தது. செல்வி சோற்றுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "கை கழுவிட்டு உக்காருங்க சார்."

சொக்கலிங்கம் சார் தொண்டையைச் செருமினார். "தப்பா நெனைச்சுக்காதம்மா. இன்னைக்கு எனக்கு சஷ்டி விரதம். ஆறு மாசமா இருந்துட்டு வாரேன். நீங்கல்லாம் சாப்பிடுங்க."

அவ்வளவுதான், வழி திறந்துவிட்டது. இன்னொருவர் குலதெய்வத்துக்கு நேர்ந்திருந்தார். ஒரு அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை விரதம் எப்படியோ ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளி வந்திருந்தது. ஜெபராஜ் வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டு, "லெந்து காலம், உபவாசம்" என்றார். எங்கள் சபையில் எத்தனையோ சண்டை உண்டு, ஆனால் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நேராகக் கறிக்கடைக்குப் போவதில் மட்டும் பூரண ஒற்றுமை. ஞாயிற்றுக்கிழமை உபவாசம் இருக்கிற ஹெட்மாஸ்டரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

செல்வி அகப்பையில் அள்ளிய சோற்றோடு அப்படியே நின்றாள். வெளியே வாசல்களில் பேச்சு நின்றுவிட்டது. மாமனார் திரும்பிப் பார்க்கவில்லை.

இந்த மாதிரி நேரத்தில் உங்களுக்குக் கிடைப்பது ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். அதற்குள் என் மண்டையில் இரண்டு வழி ஓடியது. ஒன்று, 'பழமாவது சாப்பிடுங்க' என்று மழுப்புவது. தோல் உரித்துத் தின்கிற பழத்திலும் மூடி திறக்காத கூல்டிரிங்ஸ் பாட்டிலிலும் தீட்டு ஒட்டாது என்பது நம் நாட்டு விஞ்ஞானத்தின் மகத்தான கண்டுபிடிப்பு. அதைச் செய்தால் எல்லாருக்கும் மானம் மிஞ்சும், செல்வியைத் தவிர. இரண்டாவது, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கேட்டு நாறடிப்பது. எனக்கு அதில்தான் ஆசை, நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அப்படிக் கேட்டால் கோபித்துக்கொண்டு ரோட்டில் போய் நிற்பார்கள், அதையும் அந்தத் தெருதான் பார்க்கும். அசிங்கம் மறுபடியும் செல்வி வீட்டு வாசலில்தான் விழும்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஹமீதா கையைத் தட்டினாள்.

"எல்லாருக்குமா நோன்பு? மாஷா அல்லா! இது முன்னமே தெரிஞ்சிருந்தா நானும் விடியுமுன்ன சகர் சாப்பிட்டு வந்திருப்பேனே. சரி, பரவாயில்ல, நானும் சேந்துக்கிறேன். பொழுது எறங்கி மஃரிபுக்கு எல்லாரும் ஒண்ணாத் தொறந்துருவோம். வேன் எப்படியும் ஆறரைக்குத்தான வருது?"

அவள் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி வைத்திருந்தாள். நிஜமாகவே தெரியவில்லையா என்று பின்னால் பலதடவை கேட்டிருக்கிறேன், இன்றுவரை சிரிப்பாளே தவிரச் சொல்ல மாட்டாள்.

நான் செல்வியைப் பார்த்தேன். அவள் அகப்பையைச் சட்டியில் போட்டாள். "விருந்தாளி பட்டினின்னா வீட்டுக்காரி மட்டும் எப்படித் திங்கிறது? நானும் இல்ல." ஒவ்வொரு பாத்திரமாக மூடி வைத்தாள். இலைகளை மட்டும் எடுக்கவில்லை.

சார் பதறிப்போனார். "அய்யய்யோ, எங்களுக்காக நீங்க எதுக்கும்மா..."

"இருக்கட்டும் சார். உங்க விரதம் கெட்டுரக் கூடாது."

"சாயங்காலம் வரைக்கும் சும்மாவா உக்காந்திருக்கிறது?"

"சும்மா எதுக்கு? பேசத்தான வந்திருக்கோம்" என்றேன் நான். சாப்பாடு முதலில், பேச்சு பிறகு என்பது நம் தொழிலின் முதல் விதி. அன்றைக்கு அதைத் தூக்கித் தலைகீழாக வைத்தேன். பயிற்சி வகுப்பில் இதற்குப் படம் கிடையாது.

சுவரில் நாள் கிழிக்கிற காலண்டர் தொங்கியது. அன்றைய தாளில் சஷ்டியும் இல்லை, கிருத்திகையும் இல்லை, 'சுபமுகூர்த்தம்' என்று மட்டும் சிவப்பில் போட்டிருந்தது. நான் பார்த்ததை சாரும் பார்த்துவிட்டார். மெதுவாக நாற்காலியை நகர்த்திப் போட்டு, அதை மறைத்தபடி உட்கார்ந்துகொண்டார். பேங்கில் நல்ல பதவிக்கு எப்படி வந்தார் என்று எனக்கு அப்போது புரிந்தது.

மணி மூன்று தாண்டியது. புளிக்குழம்பு வாசனை மூடியை மீறி வந்து எல்லாரையும் ஒவ்வொரு சுற்றாக விசாரித்துவிட்டுப் போனது. ஜெபராஜ் வாத்தியாரின் வயிறு பெரிதாக ஒரு சத்தம் போட்டது. எல்லாருக்கும் கேட்டது, யாரும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. எனக்கே கண் இருட்டியது. அன்றைய கூட்டத்துக்கு ஆபீஸ் கொடுத்துவிட்டிருந்த கேள்வியை எடுத்துப் பார்த்தேன்: 'உங்கள் பண்டிகையில் உங்களுக்குப் பிடித்த பலகாரம் எது?' பட்டினியில் கிடக்கிறவர்களிடம் இதைக் கேட்டால் கொலை விழும். சீட்டைக் கசக்கிப் பையில் போட்டுவிட்டு வேறொன்றைக் கேட்டேன்.

"யார் வீட்ல சாப்பிடக் கூடாதுன்னு உங்களுக்கு முதல்முதல்ல சொன்னது யாரு?"

யாரும் பேசவில்லை. இங்கேதான் நீங்கள் சொதப்புவீர்கள். அமைதி வந்தால் உங்களுக்குக் கை பரபரக்கும். எழுந்து நின்று ஒரு விளையாட்டு, ஒரு பாட்டு, 'எல்லாரும் கையைக் கோத்துக்கலாமா' என்று ஏதாவது செய்வீர்கள். செய்யாதீர்கள். கேள்வியைப் போட்ட பிறகு வாயை மூடிக்கொண்டு இருப்பதற்குத்தான் நமக்குச் சம்பளம்.

ஹமீதாதான் முதலில் பேசினாள். இந்தத் தடவை அவள் முகத்தில் விளையாட்டு இல்லை. "எங்க அம்மா சொன்னுச்சு. பக்கத்து வீட்ல பொங்கல் குடுப்பாங்க, படைச்சதா இருக்கும், திங்காதன்னு. வாங்கிட்டு வந்து காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் கொட்டுவேன். ஒருநா அந்த வீட்டு அக்கா பாத்துருச்சு. ஒண்ணும் சொல்லல. அடுத்த வருசமும் குடுத்துச்சு. அந்த மூஞ்சிய நெனச்சா இன்னைக்கும் எனக்கு வெக்கமா இருக்கு."

கொஞ்ச நேரம் கழித்து ஜெபராஜ் வாத்தியார் கண்ணைத் திறந்தார். பேச ஆரம்பித்தபோது மேடைக்குரல் எங்கேயோ போய்விட்டது.

"எங்க அம்மாதான். வீட்ல வேலை பாக்குறவங்களுக்குக் கொல்லப்பக்கம் ஒரு தட்டு சொருகி வச்சிருக்கும். அவங்களும் எங்க சபைதான். ஒரே பைபிள், ஒரே பாட்டு, தட்டு மட்டும் வேற. அம்மா செத்து எம்புட்டோ காலம் ஆச்சு. இன்னும் என் கையப் புடிச்சுக்கிட்டுத்தான் நிக்குது." அப்புறம் செல்வியை நேராகப் பார்த்தார். "உபவாசமும் இல்ல, ஒரு மண்ணும் இல்லம்மா. சோத்தப் போடு."

செல்வியின் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் சொன்னாள்: "இன்னும் மஃரிப் ஆகலையே சார். ஹமீதாக்கா விடமாட்டாங்க."

முதலில் சிரித்தது வாத்தியார்தான். அதன்பிறகு குலதெய்வக்காரர் பேசினார், வெள்ளிக்கிழமை அம்மா பேசினார். அம்மா, அப்பா, சித்தப்பா, ஒருவருக்குப் பள்ளிக்கூட வாத்தியார். என் முறை வந்தபோது நானும் என் பங்கைச் சொன்னேன், அது உங்களுக்கு எதற்கு.

சொக்கலிங்கம் சார் மட்டும் வாய் திறக்கவில்லை. எழுந்து வெளியே போனார். போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரைக்கும் நடந்து டாக்ஸி பார்த்தார். அந்த ஊருக்கு எந்த டாக்ஸி வரும்? வேப்பமரத்தைத் தாண்டிப் போனார், வேப்பமரத்தைத் தாண்டித் திரும்பி வந்தார். கட்டிலில் இருந்த மனுசர் இரண்டு தடவையும் அவரைப் பார்த்தார். சார் உள்ளே வந்து காலண்டருக்கு முன்னால் மறுபடி உட்கார்ந்தார்.

ஹமீதாவின் போனில் பாங்கு சொன்னது. கைப்பையில் இருந்து ஒரு டப்பா பேரீச்சம்பழம் எடுத்தாள், அவள் பையில் எப்போதும் கிடக்கும். ஆளுக்கொன்று வாங்கி வாயில் போட்டுக்கொண்டு இலைக்கு ஓடினோம். மரியாதை, முறை எல்லாம் பறந்துவிட்டது. வாத்தியார் ஜெபமே பண்ணவில்லை. செல்வி ஓடி ஓடிப் பரிமாறினாள், அவள் புருசன் அப்பளத்தட்டோடு பின்னால் ஓடினான். குழம்பு ஆறியிருந்தது, அப்பளம் நமுத்திருந்தது, என் வாழ்நாளில் நான் அப்படிச் சாப்பிட்டதில்லை.

கடைசி இலையில் சார் வந்து உட்கார்ந்தார். யாரும் கூப்பிடவில்லை, யாரும் பார்க்கவும் இல்லை, அவரவர் இலையில் அவரவர் தலை. செல்வி சோறு வைத்தாள். அவர் சாப்பிட்டார். கத்திரிக்காயை இன்னொரு தடவை கேட்டும் வாங்கினார்.

செல்வி வாசலுக்குப் போய், "மாமா, எல்லாரும் சாப்பிடுறாங்க. நீங்களும் வாங்க" என்றாள்.

கட்டிலில் இருந்து பதில் வந்தது, உள்ளே எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

"எனக்கு இன்னைக்கு விரதம் ஆத்தா."

சாரின் கை இலையிலேயே நின்றது. பிறகு மீதியைச் சாப்பிட்டு முடித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்காமல் இலையை மூடிவிட்டேன்.

வேன் வந்தது. எல்லாரும் செல்வியின் கையைப் பிடித்து, சமையலைப் புகழ்ந்து, ஏறினார்கள். சார் கடைசியாக நின்றார். "ரொம்ப நல்லா இருந்துச்சும்மா" என்றார்.

செல்வி மரியாதை குறையாமல்தான் சொன்னாள். "சந்தோசம் சார். இன்னைக்குப் பசிக்குச் சாப்பிட்டீங்க. பசி இல்லாத அன்னைக்கு ஒருநா வாங்க."

திரும்பி வரும்போது வேனில் நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டு வந்தேன். கோபம்தான். அந்தப் பொண்ணு இவ்வளவு பாடுபட்டு, கடைசியில் பட்டினி போட்டுத்தான் இவர்களுக்கு ஒரு கவளம் ஊட்ட வேண்டியிருந்ததே என்ற கோபம்.

மறுநாள் ஆபீசில் ஒரே குதூகலம். 'எல்லா மதத்தினரும் சேர்ந்து நோன்பு திறந்தார்கள், என்ன அருமையான செய்தி, போட்டோ இருக்கா மேடம்?' என்று கேட்டார்கள். போட்டோ எடுக்கவில்லை, எடுத்திருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன். நீங்களும் கவனமாக இருங்கள். இலையில் கை வைத்ததை வைத்து நட்பு மலர்ந்தது என்று எழுதத் தோன்றும். பசி யாரையும் எந்த வீட்டிலும் சாப்பிட வைக்கும். ரயில்வே ஸ்டேஷனில் சமைத்தது யார் என்று எவன் கேட்கிறான்? செல்வி அன்றைக்கு வாசலில் சொன்ன கணக்குத்தான் சரியான கணக்கு, நம் திட்டத்தில் அந்தக் கணக்கு எங்கேயும் கிடையாது.

செல்வி வட்டத்தை விட்டுப் போகவில்லை. வாத்தியார் அவள் வீட்டுக்கு இன்னொரு தடவை போய், விட்டுப்போன ஜெபத்தையும் சேர்த்துப் பண்ணிவிட்டு வந்தார். சார் மட்டும் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். ரத்தம் கொடுக்கவும் வேறு லேபுக்கு மாறிக்கொண்டார் என்று செல்வி சொன்னாள். ஆள் போனால் போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். போன் பண்ணிக் கெஞ்சவில்லை, வீடு தேடிப் போகவில்லை. மனசு மாறுவதற்குக் கெடு வைக்க நமக்கு அதிகாரம் இல்லை. மாறாமலே போனாலும் ஒன்றும் பண்ண முடியாது.

நான் ஓய்வு பெறப்போகிற சமயம். ஒரு முகூர்த்த ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் தூங்கிக்கொண்டிருந்தபோது செல்வி போன் பண்ணினாள். மெல்லிய குரலில் பேசினாள், பக்கத்தில் ஆள் இருக்கிறது போல.

"அக்கா, சார் வந்திருக்காரு."

"எந்த சார்?"

"நம்ம சொக்கலிங்கம் சார். தனியா, மினி பஸ்ல வந்து எறங்கி நடந்து வந்திருக்காரு. தெருவே நின்னு பாக்குது."

"என்னவாம்?"

"மேலூர்ல ஏதோ கல்யாணமாம். வயிறு முட்டத் தின்னுட்டு வந்திருக்காரு, ஏப்பமா விடுறாரு. மூச்சு வாங்குது. 'பசி இல்லம்மா, அதான் வந்தேன்'ங்கிறாரு."

எனக்குத் தூக்கம் போய்விட்டது. எழுந்து கட்டிலில் உட்கார்ந்தேன். "வீட்ல என்ன இருக்கு?"

"காலைல வச்ச ரசம் இருக்கு. சோறு இருக்கு. தொட்டுக்கக்கூட ஒண்ணும் இல்லக்கா."

"போதும்டி. அத வையி."

"இலை போட்டுட்டேன்."

"அப்புறம் எதுக்கு எனக்குப் போனு?"

அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"ரெண்டு இலைக்கா. மாமா கட்டில்ல இருந்து தானா எந்திரிச்சு வந்து அவருக்குப் பக்கத்துல உக்காந்துட்டாரு. சரிக்கா, வைக்கிறேன். ரெண்டு பேரும் காத்திருக்காங்க."